நாவலில் மழை இல்லை

நாவலில் அந்த அத்தியாயத்தில் மழை பெய்யாது. அதை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரின் கடைசி வாரம் ஒளிபரப்பான மூன்றாம் நாளே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி நிலையத்துக்கு அஞ்சலட்டை போட்டிருந்தார். கதாநாயகியைப் பூட்டி வைத்த நாட்கள் கடுங்கோடை என்று நூலில் தெளிவாக இருக்க, தாங்கள் எங்கிருந்து மழையைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த இருபத்தெட்டு வருடங்களில் மழையைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் இரண்டே பேர். அவர் ஒருவர், நீங்கள் ஒருவர்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் தொலைபேசியில் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். தொடரை மறுபடி ஒளிபரப்பப் போகிறார்கள், பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்யும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறது, உங்கள் கணினி மழையைத் தனியாக, கதவு தட்டும் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது என்றீர்கள். "மழைக்கு அடியில ஒரு பொம்பளைக் குரல் கேக்குது சார். யாரோ நடுவுல பேசிட்டாங்க போல. வார்த்தை புரியல. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பியாகணும், எடுத்துடவா?" யோசித்து எழுதுகிறேன் என்றேன். கையோடு நினைவு மலருக்கு என் இனிய நினைவுகளையும் இரண்டு பக்கம் கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இதுதான் என் பதில். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

இனிய நினைவுகளுக்குப் பஞ்சமில்லை. பதின்மூன்று ஞாயிறுகள், மாலை ஏழு மணி. எங்கள் தெருவில் ஈ காக்கை இருக்காது. பெட்டி இருந்த வீட்டு வாசல்களில் செருப்பு மலையாகக் குவிந்திருக்கும். கதை உங்களுக்குத் தெரியும். சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்த தங்கையை அண்ணன் மாடியறையில் வைத்துப் பூட்டுகிறான். அவள் தட்டிக்கொண்டே இருக்கிறாள். கீழே வீடு தன் பாட்டுக்குச் சமைக்கிறது, சாப்பிடுகிறது, விருந்தாளிகளை வரவேற்கிறது. அண்ணனாக நடித்தவர் நிஜத்தில் பரம சாது. அவருக்குக் காய்கறிக் கடையில் சரக்கு தர மறுத்துவிட்டார்கள். "மொதல்ல சாவியைக் குடுத்துட்டு வா, அப்புறம் கத்திரிக்காய் தரேன்" என்றாளாம் கடைக்காரம்மா. அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கொஞ்சம் அழவும் செய்தார்.

நான் ஒலிப்பதிவாளன். அதனால் என் நினைவுகளெல்லாம் காது வழியாக வந்தவை. வண்டிச் சக்கரம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரம். பட்டுப் புடவையின் சரசரப்பு, செய்தித்தாளை நான் மடியில் வைத்துத் தேய்த்தது. குதிரை வரும் காட்சியில் அந்தக் குதிரை நடக்க மறுத்து உட்கார்ந்துவிட்டதால், ஒரு மரப்பலகையை நானே உள்ளங்கையால் தட்டித் தட்டி அதை ஊர்வலம் விட்டேன். அந்தத் தொடரில் எந்தச் சத்தமும் தன் சொந்தச் சத்தமாக இருந்ததில்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைத்தான் ஊரே எடுத்துக்கொண்டது. மெதுவாக மூன்று, ஓர் இடைவெளி, வேகமாக இரண்டு. கடைசி வாரத்துக்குப் பிறகு பிள்ளைகள் எல்லோர் வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டினார்கள். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் தட்டிக் காட்டுவார்கள், பாசத்தோடுதான். இன்றைக்கும் கூரியர் கொண்டுவரும் ஆள் அப்படித் தட்டுகிறார். அவர் அம்மா சொல்லிக்கொடுத்தாராம். தட்டி முடித்ததும் நான் மனதுக்குள் அறுபது எண்ணிவிட்டுத்தான் திறப்பேன். "உள்ள தூங்கிட்டீங்களா சார்?" என்று அலுத்துக்கொள்வார். முட்டிவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்குள் வேறு கதவு கிடையாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திரைச்சீலை போட்டுவிட்டேன்.

அறுபது ஏன் என்று மற்றவர்களுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும். ஒரு சத்தத்தைப் பதிந்து முடித்தால் உடனே எழுந்துவிடக் கூடாது. அந்த அறையின் மௌனத்தையும் ஒரு நிமிடம் பதிய வேண்டும். இரண்டு சத்தங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அந்த மௌனம்தான் துணி. அந்த ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது, இருமக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் முதல் நாளில் சொன்ன விதி இது. முப்பத்தைந்து வருட வேலையில் அதை நான் ஒரு தடவைகூட மீறவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அஞ்சல் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலை. எனக்குச் சமைத்துப் போட்டு, என்னைப் படிக்க வைத்து, அதிலேயே அவள் கல்யாண வயது போய்விட்டது. எனக்குப் பதினோரு வயதில் இரண்டு மாதம் விடாத காய்ச்சல். அப்போதுதான் அந்த நாவலை ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயமாக எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்துப் படிப்பாள். கடைசி அத்தியாயத்தில் கட்டில் சட்டத்தை விரல் முட்டியால் தட்டினாள். மெதுவாக மூன்று, வேகமாக இரண்டு. நான் போர்வைக்குள் அழுதேன். "அழாதே சுண்டு, கதைதானே" என்றாள். என்னைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவாள். நான் ஆறடி வளர்ந்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த நாவல் தொடராக வருகிறது, அதில் தம்பிக்கு வேலை என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், "சத்தமெல்லாம் எங்க சுண்டு போடுறது" என்பாள்.

கடைசி வாரத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வந்தது சிக்கல். இயக்குநருக்குக் கதவு தட்டும் சத்தம் பிடிக்கவில்லை. கதாநாயகி தட்டிப் பார்த்தாள், தச்சர் தட்டிப் பார்த்தார், நான் தட்டிப் பார்த்தேன். "பால்காரன் தட்டுற மாதிரி இருக்கு. இது சாகப் போறவ தட்டுறது" என்றார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வராவிட்டால் அந்த இடம் முழுக்க வயலினைப் போட்டு மூடிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். வயலின். அந்த அத்தியாயத்தின் கடைசி வரி என்ன தெரியுமா? 'தட்டுவது நின்ற பிறகுதான் வீடு அதைக் கேட்டது.' அதன்மேல் வயலினைத் தேய்க்க நினைப்பவரை என்ன சொல்வது.

சனிக்கிழமை மதியம் அக்காவை நிலையத்துக்கு அழைத்துப்போனேன். மற்றவர்கள் வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போயிருந்தார்கள். எங்கள் ஒலிப்பதிவு அறை முன்பு சாமான் அறையாக இருந்தது. சன்னல் இல்லை, நடுவில் கண்ணாடியும் இல்லை. சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்துச் சாக்குத்துணி அறைந்திருக்கும், கதவு மட்டும் வெறும் கனத்த மரம். உள்பக்கக் கைப்பிடி கடகடவென்று ஆடிச் சத்தம் போடும் என்பதால் அதை எப்போதோ கழற்றிவிட்டோம். அந்த வாரம்தான் பஞ்சைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அக்கா இரண்டு தும்மல் போட்டாள். அவளுக்குத் தூசி ஆகாது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. வீட்டில் தலையணை தட்டினால் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வாள்.

வளையலையும் கைப்பையையும் வெளியே வைக்கச் சொன்னேன். உள்ளே எதுவும் கிணுகிணுக்கக் கூடாது, எல்லோருக்கும் அதுதான் முறை. அவள் வளையல்களைக் கழற்றி என் மேசைமேல் அடுக்கினாள். பையையும் அங்கேயே வைத்தாள். இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்துக் குப்பி அந்தப் பையில்தான் இருந்தது. அதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே என் மேசையில் உட்கார்ந்து காதொலிப்பானை மாட்டிக்கொண்டேன். நாடா ஓட ஆரம்பித்தது. தட்டினாள். கட்டில் சட்டத்தில் தட்டியதுபோல் இல்லை. என் மனதைக் குளிர வைக்கத் தட்டுகிறாள் என்று தெரிந்தது. உள்ளே இருந்த சின்ன ஒலிபெருக்கி வழியாக அவளிடம் பேசினேன்.

"அக்கா, நடிக்காதே. நெஜமாவே மாட்டிக்கிட்ட மாதிரி தட்டு."

சிரித்தாள். "நெஜமா மாட்டிக்கிட்டாத்தானேடா அது தெரியும்?"

அவள் சொன்னது சரிதான் என்று பட்டது. எல்லா விஷயத்திலும் அவள் சொன்னபடிதான் நான் நடந்திருக்கிறேன். நான் பேசும் பித்தானை அணைத்துவிட்டு அப்படியே இருந்தேன். நாடாவில் இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது.

முதல் மூன்று நிமிடம் விளையாட்டுத்தான். "சுண்டு, போதும்டா" என்றாள். அப்புறம், "டேய், தொண்டை கரகரங்குது, திற" என்றாள். ஐந்தாம் நிமிடத்தில் தட்டுவது மாறியது. உங்களுக்குக் காது இருக்கிறது, உங்களிடம் அதை விளக்க வேண்டியதில்லை. விரல் முட்டி போய் உள்ளங்கை வந்தது. மெதுவாக மூன்று, மூச்சுக்கு நிறுத்தம், பயத்தில் வேகமாக இரண்டு. நாவலை எழுதியவர் அந்த இடைவெளியை ஏன் வைத்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அது மூச்சு வாங்கும் இடம். இருபது வருடமாகப் படித்த வரி, அப்போதுதான் திறந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு தடவை எழுந்து கைப்பிடிவரை போனேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பிறகு நடந்தது நிலையத்தின் கோப்பில் இருக்கிறது. சட்டத்தோரம் அடைத்த புதுப் பஞ்சால் கதவு இறுகிக்கொண்டது, இழுத்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை என்று சொன்னேன். மருத்துவர் இழுப்பு என்று எழுதினார். விசாரிக்க வந்தவர் என் தோளில் கைவைத்து, "அம்மா மாதிரி வளர்த்தவங்களாமே, மனசைத் தேத்திக்கோங்க" என்றார். இறுகிய கதவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை மறுத்துக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பினேன். பலரும் மெச்சினார்கள். நாடாவை இயக்குநருக்குப் போட்டுக் காட்டினேன். "எப்படிப்பா வந்துச்சு?" என்றார். சொந்தக்காரப் பெண் ஒருத்தி தட்டினாள் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்க விரும்பவில்லை, வயலினையும் மறந்துவிட்டார். குரல் தெரியாமல் இருக்க நான்தான் மழையைப் போட்டேன். நல்ல மழை. தொடரின் நினைவுகளை எழுதுபவர்கள் எல்லோரும் அந்த மழையையும் மறக்காமல் எழுதுகிறார்கள்.

என்னை அந்த அண்ணனோடு நீங்கள் சேர்த்துவிடக் கூடாது. அவனுக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது, சொத்துக்காகப் பூட்டினான். எனக்கு அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அவளுக்குப் பிடித்த கதைக்கு, அவளுக்குப் பிடித்த இடத்தில், அவள் கையாலேயே ஒரு சத்தம் வேண்டியிருந்தது. அது இன்றைக்கும் எத்தனை வீடுகளில் கேட்கிறது பாருங்கள். முத்திரை குத்தும் கைக்கு வேறு எப்படி இது வாய்க்கும்? அவள் இல்லாத வீடு எனக்குத் தாங்கவில்லை, அது வேறு விஷயம். தினமும் தேடுகிறேன். சாப்பிட உட்காரும்போது அதிகம் தேடும்.

உங்களுக்குப் புரியாத அந்த வார்த்தைகளைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நிமிடம் அது. அதற்குள் தட்டுவது நின்று, நகம் மரத்தில் கீறும் சத்தம் மட்டும் இருக்கும். அதற்கடியில் அவள் கேட்கிறாள்: "சுண்டு... இப்ப சரியா வந்துச்சா?" கதவைத் திற என்று அவள் கேட்கவில்லை, கவனியுங்கள். கடைசியில் என் வேலை அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே அந்தக் குரலை எடுக்க வேண்டாம். மழையை எடுத்துவிடுங்கள். ஆசிரியர் சொன்னது சரி, நாவலில் மழை இல்லை.

அவள் கேட்டு முடித்ததும் மௌனம். விதிப்படி நான் அசையவில்லை. ஒன்றிலிருந்து அறுபதுவரை எண்ணினேன். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே, சரியாக வந்துவிட்டது அக்கா என்று சொல்லத்தான் எழுந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்தேன். கதவு ஒரே இழுப்பில் திறந்தது.