குடிலுக்குள் எத்தனை பேர்

சாயங்காலம் மூன்றரை மணி. பனிக்காலத்தில் அந்த நாட்டில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஏரிக்கரை ஓரமாக ஒரு மண்பாதை. வீடு கிடையாது, வண்டி கிடையாது. மூன்று பேர் வரிசையாக நடந்து போகிறார்கள். சேற்றில் பூட்ஸ் சத்தம் மட்டும்... சளக்... சளக்...

கம்பளியை இழுக்காதே, இருப்பது ஒன்றுதான். ஹீட்டர் கெட்டதற்கு என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஒட்டி உட்காருங்கள்.

இது நம்ம தடியனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நானும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் பிழைப்பு. அக்கா நர்ஸ். அந்த நாட்டுக்குப் போய் அஞ்சு வருஷமாகியும் இவருக்குப் பகல் வேலை என்றால் அவளுக்கு ராத்திரி வேலை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஃபோனில் பேசிக்கொள்கிற குடும்பம். முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே சமயம் இரண்டு நாள் லீவு கிடைத்தது. கொக்குப் பார்க்கலாம் என்று சொன்னது மச்சான்தான்.

சாதாரணக் கொக்கு இல்லை. ஆள் உயரத்துக்கு நிற்கும் பெருங்கொக்கு. ஆயிரக்கணக்கில் அந்த ஏரிக்கு ராத்தங்க வரும், நின்றபடியே தூங்கும். தண்ணீர் ஓரத்தில் பலகையால் அடித்த ஒரு குடில். ஒரு கதவு, சுவரில் நீளமாக ஒரு பிளவு. பகலிலேயே உள்ளே போய்விட வேண்டும். விடிந்து கொக்கெல்லாம் கிளம்பிப் போகிற வரைக்கும் வெளியே வரக் கூடாது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளும் என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். டார்ச், ஃபோன் எல்லாவற்றையும் ஏரிக் காவல்காரி ஒருத்தி முன்னாடியே பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்வாள். சின்ன வெளிச்சம் பட்டாலும் கொக்கு மிரண்டு பறந்து கரண்ட் கம்பியில் மோதிச் செத்துவிடுமாம். அவசரத்துக்கு ஒரு வாக்கி-டாக்கி மட்டும் உண்டு.

காவல்காரியும் அவர்களோடு குடிலுக்குள் போவாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தனியாக வெளியே வருவாள். கொக்குக்கு எண்ணத் தெரியாதாம். உள்ளே போனவர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று நம்பிவிடும்.

அன்றைக்கும் மூன்று பேர் உள்ளே போனார்கள். மச்சான் நேராகப் பிளவில் கண்ணை வைத்துவிட்டார். தூரத்தில் முதல் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அக்கா என்னவோ சொன்னாள். "உம்" என்றார். கதவு திறந்தது... மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. டக்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டிவிட்டது. உள்ளே ஈரப் பலகை வாடை. கொக்குகள் அலை அலையாக வந்து இறங்கின. அத்தனையும் ஓலமிட்டால் எப்படி இருக்கும்? காதுக்குள் ஊதுகிற மாதிரி. சுவரை உரசிக்கொண்டே நின்றனவாம். மச்சானுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பக்கத்துப் பெஞ்சில் கையை நீட்டினார். கையுறை போட்ட கை அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

அப்படியே ஒரு மணி நேரம் இருந்தார்கள்.

அப்போது வாக்கி-டாக்கி கரகரத்தது.

"என்னங்க... கோச்சுக்காதீங்க. உள்ள மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு. அந்தம்மா கூடவே வெளிய வந்துட்டேன். சொன்னேனே, நீங்கதான் கொக்கைப் பாத்துக்கிட்டே 'உம்'னீங்க."

அக்காவின் குரல்.

அவர் கைக்குள் அந்தக் கை அப்படியே இருந்தது. கொஞ்சம் இறுகியது. பக்கத்திலிருந்து, காதோரமாக, "பதில் சொல்லாதீங்க... அது நான் இல்ல."

அதுவும் அக்காவின் குரல்.

"டார்ச் அடிச்சுப் பாத்திருக்கலாம்ல?" என்று கேட்காதே. டார்ச் பெட்டியில் இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன்? கதவும் வெளியே பூட்டியிருக்கிறது. ஊரார் எல்லோரையும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கிற மனுஷன், ஒரு பெட்டிக்குள் யாரோடு இருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி உள்ளேயா வெளியேயா? அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எப்படியோ பொத்தானை அமுக்கிக் கேட்டார். "நம்ம வீட்டுச் சாவியை யார்கிட்ட குடுத்துட்டு வந்தோம்?"

"கீழ் வீட்டு டெய்லர்கிட்ட."

காதோரமும் கருவியும் ஒரே மூச்சில் சொல்லின.

அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாக்கி-டாக்கியில் சார்ஜ் தீர்ந்து அதுவும் செத்துவிட்டது. விடிய இன்னும் பதினாலு மணி நேரம். கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். வெளியே திடீரென்று அத்தனை கொக்கும் அடங்கிவிட்டது. தண்ணீர் மட்டும் பலகையில் நக்குகிற சத்தம்.

காலை அஞ்சு மணி இருக்கும். நல்ல இருட்டு. தாழ்ப்பாள் விலகியது. ராத்திரி முழுக்கப் பதில் வராததால் காவல்காரி பயந்து முன்னாடியே வந்துவிட்டாள். கையில் சிவப்பு விளக்கு, தரையைப் பார்த்துப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால், ஃபிளாஸ்க்கோடு, அக்கா.

முகம் தெரிந்தது. அக்காவேதான். சிரித்தாள். "வாங்க, குளிருது."

காவல்காரி அவள் ஊர்ப் பாஷையில் மெதுவாகச் சொன்னாள்: "உங்க வீட்டம்மாவுக்குக் கால் வலிக்கலையான்னு கேளுங்க. ராத்திரி பூரா என் அறை ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே இருந்தாங்க. ஒரு தடவைகூட உட்காரல." சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மச்சான் எழுந்தார். உள்ளே இருந்த கை விடவில்லை. "என்னங்க... என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க." அந்தப் பக்கம் திரும்பாமலே, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். வெளியே வந்து தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டார்.

அவ்வளவுதான். மத்தியானம் காவல்காரி குடிலைக் கூட்டியபோது உள்ளே யாரும் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வேலைக்கும் போனார்கள். போன மாசம் அந்தப் பக்கம் போனபோது நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். அக்கா நன்றாகத்தான் இருந்தாள். நின்றுகொண்டே பரிமாறினாள், நானும் ரசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். இப்போது சிரிக்கிறீர்களே, அப்போது எனக்கு இந்தக் கதை தெரியாது.

வழியனுப்ப மச்சான் படிக்கட்டில் என்னோடு இறங்கி வந்தார். பாதி இறங்கியதும் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் சொன்னார்.

"அப்புறமென்ன மச்சான், அக்காதான் வெளிய இருந்தாங்களே. சரியாத்தானே செஞ்சீங்க" என்றேன்.

அவர் மேலே பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் அக்கா ஒரு தடவை லிஃப்டில் மாட்டிக்கொண்டாளாம். மச்சான் வெளியே நின்று, மாட்டியவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதைத்தான் அவளுக்கும் சொல்லியிருக்கிறார். "தட்டாத, கத்தாத. நிதானமா மூச்சு விட்டுப் பத்து வரைக்கும் எண்ணு. பத்தாவதுல நான் திறந்துடுவேன்." சொன்னபடியே திறந்தாராம்.

"தாழ்ப்பாள் போட்டப்புறம் உள்ளேர்ந்து தட்டுவான்னு நினைச்சேன்டா. தட்டல."

"அப்புறம்?"

"எண்ணினா."

ஒண்ணு... ரெண்டு... மூச்சு விட்டு விட்டு, நிதானமாக. மச்சானின் கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது. அந்தக் கை மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது. கையுறை இல்லாத கை, கொதிக்கக் கொதிக்க. "வாங்க போலாம்" என்றது. இரும்புப் பிடி.

எட்டு... ஒன்பது... பத்து.

உள்ளே பேச்சு நின்றது. அவர் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவர் திறக்கவில்லை. இழுத்த கையோடு பாதையில் நடந்தார். பத்தடி போயிருப்பார்... பின்னால் குடிலுக்குள், கொஞ்சமும் கோபமில்லாமல், மறுபடியும் முதலிலிருந்து.

"ஒண்ணு..."