ரெண்டு வேளையும் மாவு

— இது என்னது?

— எது?

— உங்க டூல் பையில இருந்துச்சு. ஸ்பேனருக்கெல்லாம் அடியில, துணியில சுத்தி.

— என் பையை எதுக்குத் தொட்ட?

— ஓவன் கதவு தொங்குது, ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனேன். பேச்சை மாத்தாதீங்க. மூச்சு வாங்கினா அடிச்சுக்கிற இன்ஹேலர்தானே இது?

— அது வந்து... வேலை செய்யிற இடத்துல யாரோ ஒருத்தரோடது. தெரியாம என் பையில போட்டிருப்பார்.

— டப்பா மேல உங்க பேர் ஒட்டியிருக்கு. தேதியும் இருக்கு. ஏழு மாசத்துக்கு முந்தின தேதி. எனக்கு இன்னைக்குச் சண்டை போடத் தெம்பு இல்லங்க. உள்ளதைச் சொல்லுங்க.

— உக்காரு, சொல்றேன்.

— நான் நிக்கிறேன். நீங்க உக்காருங்க. இப்பவே மூச்சு இழுக்குது.

— ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் வீசிங். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதெல்லாம் சகஜம். அந்தக் குழிக்குள்ள இருக்கிற தூசி, கிரீஸ், எலிப்புழுக்கை...

— இருபத்திரண்டு வருஷமா அந்தக் குழிக்குள்ளதான் இருக்கீங்க. நீங்க இருமிக்கூட நான் பாத்ததில்ல.

— வயசாகுதுல்ல.

— டாக்டர் என்ன சொன்னார்?

— டாக்டரம்மா. தூசி ஆகாதுன்னாங்க.

— எந்தத் தூசி?

— தூசின்னா தூசிதான்.

— எந்தத் தூசின்னு கேட்டேன்.

— கையில வரிசையா பன்னெண்டு சொட்டு வச்சு, ஒவ்வொண்ணுலயும் ஊசியால லேசா குத்தினாங்க. கால் மணி நேரம் கையை நீட்டிட்டு உக்காந்திருந்தேன். பதினொண்ணு அப்படியே இருந்துச்சு. ஒண்ணு மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சுப்போச்சு.

— அது எது?

— விடேன்.

— சொல்லுங்க.

— கோதுமை மாவு.

— நம்ம மாவா?

— சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதாம். அதை நல்லாக் கேட்டுக்கிட்டேன். மூக்குக்குள்ள போனாத்தான். அதான் விஷயம். நீ பயப்படுற அளவுக்கு இல்ல.

— ஞாயித்துக்கிழமை ஆனா பிரெட்டுக்கு மூணு கிலோ மாவை வண்டு இருக்கான்னு சலிச்சுக் குடுத்தது யாரு?

— எனக்கு வேற என்ன வேலை.

— ஏழு மாசமா. தெரிஞ்சே.

— சலிச்சதும் கையைக் கழுவிட்டு மாடிக்குப் போயிடுவேன்ல. ரெண்டு தடவை அடிச்சா சரியாயிடும்.

— ஓ, அதுக்குத்தான் மொட்டை மாடியா. போன் பேசப் போறீங்கன்னுல்ல நினைச்சேன். யாரோ ஒருத்தி இருக்கான்னுகூட ஒரு வாரம் நினைச்சுட்டிருந்தேன், தெரியுமா.

— இந்த மூஞ்சிக்கா?

— சிரிக்க வைக்காதீங்க. போன வாரம் முகமெல்லாம் வெளுத்துப்போய் வந்தீங்களே. கேட்டதுக்கு வெயில்னீங்க.

— வெயில்தான்.

— நிஜமா?

— ஆறாவது மாடியில, லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாத்துட்டிருந்தேன். திடீர்னு மூச்சு உள்ள போகல. பை கீழ கிடக்கு. அப்படியே கூண்டு மேல உக்காந்துட்டேன். நான் கம்பியைத் தட்டின சத்தம் கேட்டு வாட்ச்மேன் பையைத் தூக்கிட்டு வந்தார். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா.

— மறுநாளே வேலைக்குப் போயிட்டேனே.

— டாக்டரம்மா கடைசியா என்ன சொன்னாங்க? மழுப்பாம சொல்லுங்க.

— வீட்டுல மாவை நிறுத்தலன்னா போகப்போக இந்த மருந்தும் கேக்காதுன்னாங்க. அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க.

— நான் ஓவனை ஆஃப் பண்றேன்.

— ரெண்டு பிரெட்டுக்குப் பிசைஞ்சு வச்சிருக்கியே.

— குப்பைக்குப் போகட்டும்.

— இரு, இரு. சொல்றதைக் கேளு. இதுக்கு வழி இருக்கு. நான் மாஸ்க் போட்டுக்குறேன். இல்ல, நீ பிசையிற நேரத்துக்கு வெளிய போயிடுறேன். மாடியில சின்னதா ஒரு ஷெட் போட்டா ஓவனை அங்கயே வச்சுடலாம். வீட்டு ஓனர்கிட்டகூட பேசிப் பாத்தேன்.

— ஓனர்கிட்ட பேசியாச்சு. பெண்டாட்டிகிட்ட பேசல.

— உன்கிட்ட எப்படிப் பேசுவேன்?

— ஏன், கடிச்சுடுவேனா?

— கடிச்சாப் பரவாயில்ல. நீ திரும்பவும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா நான் என்ன பண்றது?

— அதை இப்ப ஏன் எடுக்குறீங்க.

— எடுக்காம? எட்டு மாசம். அந்த ஆள் ஸ்டாப்புல நீ ஓட்டின பஸ்சுக்கு அடியில விழுந்ததுலேருந்து. டிரைவர் மேல தப்பே இல்லன்னு விசாரணையில எழுதிக் குடுத்தாங்க. வேலைக்கு வான்னு டிப்போவுலேருந்து மூணு லெட்டர் வந்துச்சு, நீ பிரிச்சுக்கூட பாக்கல. பல் தேய்க்க எழுப்பினா கண்ணைத் திறந்து பாப்ப. காலையில எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தியோ, சாயங்காலம் நான் வந்து பாத்தாலும் அதே பக்கம். சோறு வச்ச தட்டு வச்ச மாதிரியே இருக்கும்.

— தெரியும்ங்க. நான்தானே படுத்திருந்தேன்.

— உன் பஸ்ல வந்த கண்டக்டரம்மா ஒரு நாள் அந்த மாவை ஜாம் பாட்டில்ல கொண்டுவந்து கட்டில் பக்கத்துல வச்சாங்க. தவிட்டோட அரைச்ச கோதுமை மாவைத் தண்ணியில கரைச்சுப் புளிக்க வச்சது, ஈஸ்ட்டுக்குப் பதிலா இதைப் போட்டு பிரெட் சுடலாம், உயிரோட இருக்கு, ரெண்டு வேளையும் மாவு போடணும், இல்லன்னா செத்துடும்னு சொல்லிட்டு ஒரு டீகூட குடிக்காமக் கிளம்பிட்டாங்க. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. இங்க ஒருத்திக்கு ஊட்டி முடியல, இதுல பாட்டிலுக்கு வேறயான்னு.

— கோவத்தைக் காட்டவே இல்லையே நீங்க.

— யார்கிட்ட காட்டுறது? மறுநாள் வந்து பாக்குறேன், நீ அடுப்படியில நிக்கிற. கையில ஸ்பூன். நைட்டியெல்லாம் மாவு. நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு. இன்னொண்ணு என் கையால சாகக் கூடாதுன்னு சொன்னேன்.

— அதான் விஷயம். அதுக்கப்புறம் டாக்டர் பேப்பரைக் கொண்டுவந்து உன் மூஞ்சிக்கு முன்னால நீட்டுவேனா?

— மொத பிரெட் செங்கல் மாதிரி இருந்துச்சு. அதையும் டீயில முக்கி முக்கி முழுசாத் தின்னீங்க.

— தின்னுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். நல்லா இருக்குன்னு சொன்னதும் நீ தலையை ஆட்டின பாரு, அதுக்கு. இன்னைக்கு வரைக்கும் வேலைக்குக் கிளம்புறப்போ அந்தப் பாட்டிலைப் பாத்துட்டுத்தான் போறேன். நுரை கட்டி மேல வந்திருந்தா, சரி, இன்னைக்கு இவ நல்லா இருப்பான்னு ஒரு தைரியம்.

— பாட்டிலைப் பாப்பீங்க. அப்புறம் என் முகத்தைப் பாப்பீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? ஒரு ஞாயித்துக்கிழமை சுடலன்னா, என்னம்மா முடியலையான்னு கட்டில் ஓரத்துல வந்து உக்காந்துடுவீங்க. தலைவலின்னு பத்து நிமிஷம் படுத்தாலும் கதவுகிட்ட வந்து நிப்பீங்க. நீங்க அப்படி நிக்கிறதைப் பாக்க முடியாமலே எழுந்து மாவு பிசைஞ்சிருக்கேன்.

— நீ பிடிச்சுப் பண்றேன்னு நினைச்சேன்.

— மொத வருஷம் பிடிச்சுது. இப்ப தோள்பட்டை கழண்டு விழுது. கீழ்வீட்டு டீச்சர் என்னைப் படிக்கட்டுல பாத்தாலே, போன வாரத்துதே இருக்குங்கன்னு சொல்லிட்டு ஓடுறாங்க. வாரத்துக்கு நாலு பிரெட் சுட்டு நான் யாருக்குக் குடுப்பேன்?

— அப்போ விட்டிருக்கலாமே.

— விட்டா நீங்க பயந்துடுவீங்க. சரி, எழுந்திரிங்க. நான் ஜன்னலைத் திறந்து விட்டு, மாவு டின்னைக் கொண்டுபோய் டீச்சர் வீட்டுல குடுத்துட்டு வரேன். அலமாரியெல்லாம் ஈரத்துணி போட்டுத் துடைக்கணும். அதுவரைக்கும் நீங்க மாடியில இருங்க, இந்தாங்க, இந்த இன்ஹேலரையும் சட்டைப் பையில வச்சுக்குங்க. நாளைக்கு அந்த டாக்டரம்மாகிட்ட நானும் வரேன்.

— பாட்டிலை என்ன பண்ணப் போற?

— கொட்டிடலாம்.

— வேணாம். மத்ததெல்லாம் நீ சொல்றபடி. அது மட்டும் வேணாம். ரெண்டு ஸ்பூன் மாவுல எனக்கு என்ன ஆகிடப்போகுது? உனக்கு அலுப்பா இருந்தா நானே போடுறேன்.

— நீங்களா? மாவையா?

— மூக்கைப் பொத்திட்டுப் போடுறேன். கெஞ்சிக் கேக்குறேன்மா. அது செத்துப்போற அன்னைக்கு நீ என்ன ஆவேன்னு நினைச்சுப் பாக்கக்கூட எனக்குத் தைரியம் இல்ல.

— அது செத்து நாலு மாசம் ஆச்சுங்க.

— என்ன சொல்ற?

— புது லிஃப்ட் மாட்டுறதுக்குப் பத்து நாள் வெளியூர் போனீங்கல்ல, அப்ப. மறந்துட்டேன். வேணும்னு இல்ல, நிஜமாவே மறந்துட்டேன். பரண் மேல இருந்த சாமானையெல்லாம் இறக்கித் துடைச்சுட்டிருந்தேன். எட்டாம் நாள் மூடியைத் திறந்தா உள்ள ஆரஞ்சு கலர்ல கோடு கோடாப் பூஞ்சை. நாத்தம் தாங்கல.

— காலையிலகூட நுரைச்சு நின்னுச்சே. நான் பாத்தேனே.

— கடையில வாங்கின ஈஸ்ட். ஒரு சிட்டிகை போட்டு மாவைக் கரைச்சு அதே பாட்டில்ல ஊத்தி வச்சேன், ஊர்லேருந்து வந்ததும் நீங்க அதைத்தான் மொதல்ல பாப்பீங்கன்னு. அதுலேருந்து தினமும் இதே வேலைதான். பிரெட்டும் அந்த ஈஸ்ட்லதான். நேத்துகூட சூப்பர்னீங்க.

— அப்போ நாலு மாசமா நான் எதுக்கு...

— நானும்தான் எதுக்கு.

— அதைப் பாத்தப்போ வீட்டுல நீ தனியா இருந்திருக்க. அன்னைக்கு என்ன பண்ண?

— வெந்நீர் ஊத்திப் பாட்டிலைக் கழுவினேன். வெளிய வெயில் நல்லா அடிச்சுது, போர்வை, தலையணை உறையெல்லாம் துவைச்சு மாடியில காயப்போட்டேன். சாயங்காலம் எல்லாத்தையும் மடிச்சு வைக்கிறப்போதான் தோணுச்சு, அன்னைக்கு முழுக்க நான் ஒரு தடவைகூட படுக்கவே இல்லன்னு.