இரண்டாம் மதிப்பீட்டாளர்

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், ஐயா. சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் போட்டு உட்காருங்கள், ஆடாது. பழுது பார்க்கச் சொல்லி நானும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலிக்குக் கால் சரி செய்வதைவிடப் புதிதாக ஒரு துறையே திறந்துவிடலாம்.

விசாரணை என்றதும் ஒரு பட்டாளமே வரும் என்று நினைத்தேன். நீங்கள் ஒருவர் மட்டும் வந்தது நல்லதாயிற்று. கூட்டத்தைக் கண்டால் எனக்குக் கடையில் பேரம் பேசுகிற குரல் வந்துவிடும். பிறகு நான் சொல்வது எதுவும் உங்களுக்கு உண்மையாகப் படாது.

நான் துணிக்கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவள். கீழே அப்பா பேரம் பேசுவது படிக்கட்டு வழியாக ஏறி வரும். வாங்க வந்தவர் கேட்கும் முதல் விலைக்குத் தலையாட்டக் கூடாது. ஆட்டினால் துணியில் ஏதோ குறை என்று நினைத்துவிடுவார். கட்டாது என்று சொல்லி வாசல்வரை போகவிட வேண்டும். படியில் கால் வைக்கிற நேரம் பார்த்து, கோபமே இல்லாத குரலில் கூப்பிட வேண்டும். அப்பா கூப்பிட்டுத் திரும்பாதவர் இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நூல்களை வெளியிடுவது நூலகம். அந்தப் பதிப்புப் பிரிவுக்குப் பொறுப்பு நான். வருகிற கையெழுத்துப் பிரதியில் ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு வெளியூர் அறிஞர்கள் இரண்டு பேருக்கு அனுப்புவோம். எழுதியது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. படிப்பது யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நடுவில் இருக்கிற நான் மட்டும். சந்தையில் தரகர்கள் கைக்கு மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்தத் துண்டுதான் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுபோக, புதன்கிழமை மதியங்களில் எழுத்துச் சந்திப்பு நடத்துவேன். பாதியில் நிற்கிற எழுத்தோடு யார் வேண்டுமானாலும் வரலாம். இதோ, நீங்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடைப்போம். ஆண்டுக்கு ஒருமுறை எழுத்து மாநாடு. அந்த மேடையில் புதுப் புத்தகங்கள் வெளியாகும்; எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்து, கைதட்டலுக்கு எழுந்திருப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பார். அண்ணிக்கு அந்தத் தவிப்பு ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அண்ணி இங்கே மொழித்துறையில் பாடம் சொன்னவர். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்ததும் உறவெல்லாம் சிரித்தது, பேராசிரியை வந்து முழம் போடப் போகிறாளாம் என்று. அவர் முழம் போடவில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பேரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "துணி மடிக்கத் தெரியல, வர்றவங்க பேச்சை மட்டும் மடிச்சு வச்சுக்கிறா" என்பாள் என் அம்மா. அப்படி மடித்து வைத்ததெல்லாம்தான் புத்தகமாயிற்று. சரி என்று நினைத்துவிட்ட மனிதர் எத்தனை விதமாக வேண்டாம் என்று சொல்கிறார் என்பதுதான் அதன் பொருள். அதில் நாலாம் அத்தியாயம் என் அண்ணனைப் பற்றியது. அண்ணன் வாயைத் திறக்காமல் பேரம் பேசுவான். எதிராளி தானே ஏறி, தானே இறங்கி, கடைசியில் அண்ணனுக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்.

அண்ணன் காலமான பிறகு அவருக்கு நான், எனக்கு அவர் என்று ஆகிவிட்டது. நாத்தனார் அண்ணி என்றால் ஊரில் வேறு மாதிரி பேசுவார்கள். நாங்கள் அப்படி இல்லை. எனக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு ஒரே மகள், தொலைவில் வேறு ஊரில் குடும்பமாக இருக்கிறாள். அண்ணியின் பிரதி என்னிடம் வந்தபோது, வெளி ஆட்கள்தானே மதிப்பிடப் போகிறார்கள் என்று நூலகரும் ஒன்றும் சொல்லவில்லை.

இனி நீங்கள் கேட்ட அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். இரண்டு மதிப்பீடுகளும் அன்று காலையில்தான் வந்திருந்தன. முதலாமவர் இரண்டொரு சின்னத் திருத்தம் சொல்லி, வெளியிடலாம் என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் அதுகூடச் சொல்லவில்லை. இதில் யாரும் கை வைக்க வேண்டாம், அப்படியே அச்சுக்குக் கொடுங்கள் என்று முடித்துவிட்டார். அண்ணி வந்ததும் சொல்லிவிடத்தான் இருந்தேன். அவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"வயித்துல ஒரு கட்டி இருக்காம். சின்னதுதான். இப்பவே எடுத்துட்டா பயமில்லைங்கிறாங்க. மக அவ ஊருக்கு வரச் சொல்றா, அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அப்படியே அவகூடவே இருந்துடணுமாம்."

மேசை மேல் இருந்த இரண்டு மதிப்பீடுகளையும் கவிழ்த்து வைத்தேன்.

"புத்தகம் ஒண்ணு முடிஞ்சுட்டா நிம்மதியா கிளம்பிடுவேன். படிச்சவங்க என்ன சொன்னாங்க?"

முதலாமவர் சரி சொல்லிவிட்டார், இரண்டாமவர்தான் கொஞ்சம் திருத்தம் கேட்கிறார் என்றேன். கடையில் இதைப் பொய் என்று சொல்ல மாட்டோம். அண்ணிக்கும் அது பெரிதாகப் படவில்லை. சிரித்தார். "அதானே, எல்லா வீட்டுலயும் ஒரு மாமியார் இருந்துதானே ஆகணும்." அன்றிலிருந்து இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு மாமியார் என்று பெயர் ஆகிவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பேரம் முடியாதவர் கடையை விட்டு இறங்க மாட்டார் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மனதில் ஒரு வேலை பாக்கி இருந்தால் உடம்பும் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. புத்தகமும் முடிந்து, மனமும் நிறைந்து, ஒரு பாக்கியும் இல்லாமல் போய் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தால் எழுந்திருக்க அவருக்கு என்ன அவசியம் இருக்கும்? கொஞ்சம் இழுத்துப் பிடிப்போம், பிறகு வாசலில் வைத்துக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எடுத்தது இரக்கத்தில் எடுத்த முடிவு என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாமியாரின் குறிப்புகளை நான் ஏனோதானோ என்று எழுதவில்லை. சான்று போதாத இடங்களைத் தேடிப் பிடித்தேன். 'ஆசிரியர் இதைக் கவனிக்கத் தவறியது வியப்பளிக்கிறது' என்று அங்கங்கே ஒரு வரி போடுவேன். புதன்கிழமை அதை அண்ணி என் முன்னால் உட்கார்ந்து, மூக்கால் பேசுகிற குரலில் படித்துக் காட்டுவார். "வியப்பளிக்கிறதாம். இவங்க வியந்து வியந்தே எனக்கு முடி நரைச்சுப் போச்சு." நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். அவள் பல் விழுந்திருக்கும் என்பேன் நான். பல் இருந்தால்தானே விழ, என்பார் அவர். கண்ணில் நீர் வரச் சிரிப்போம். பிறகு அவர் குனிந்து திருத்த ஆரம்பிப்பார். அந்த மதியங்கள் நன்றாக இருந்தன. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஒரு திருத்தம் முடிந்தால் இன்னொன்று வரும். அண்ணி ஒவ்வொரு முறையும், இதை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று மகளிடம் நாள் தள்ளிப் போடுவார். சுவரோரம் தள்ளாமல் அவர் உட்கார்ந்தாலும் இந்த நாற்காலி ஆடுவது எப்போதோ நின்றுபோயிற்று. முதலில் நான் யாரோ பழுது பார்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து போனதும் நான் உட்கார்ந்து பார்த்தேன். ஆடியது; அண்ணி அவ்வளவு இளைத்திருந்தார்.

மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பாங்க. புத்தகம் எங்க ஓடிப் போகப்போகுது, திரும்பி வந்து எழுதட்டும்." சொல்கிறேனம்மா என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு மாமியாரின் புதிய குறிப்பு தயாராக இருந்தது. நாலாம் அத்தியாயம் சொந்தக் கதை, ஆய்வு அல்ல, முழுவதையும் நீக்க வேண்டும். இந்த மாநாட்டுக்கு முன்னால் நீக்கித் தராவிட்டால் நூலை ஏற்பதற்கில்லை.

அன்றைக்கு அண்ணி மூக்குக் குரலில் படிக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் பேசாம இருந்தார்ங்கிறதுக்கு நான் எங்க போய்ச் சான்று கொண்டு வருவேன்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்றே? உனக்கும் அது தேவையில்லைன்னு தோணுதா?"

என் அண்ணனைப் பற்றி அதைவிட நல்லதாக ஒருவரும் எழுதியதில்லை, எழுதப்போவதும் இல்லை. அந்த அத்தியாயத்தைப் படித்த அன்று கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான். அது இருக்கிறவரை புத்தகம் முழுமையாக இருந்தது, ஐயா. மேற்கொண்டு திருத்தம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

"அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அண்ணி" என்றேன்.

அவர் அதை எடுத்துவிட்டார். எடுத்த இடத்தில் முன்னும் பின்னும் ஒட்டவில்லை. ஒட்ட வைக்க மீண்டும் எழுத வேண்டியிருந்தது. அதற்குள் அந்த ஆண்டு மாநாடும் வந்து போயிற்று. அதன் பிறகு ஒரு நாள் இந்த ஊர் மருத்துவர் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி எந்த ஊருக்குப் போயும் பயனில்லை என்று சொல்லிவிட்டார். மகள்தான் புறப்பட்டு வந்தாள்.

படுக்கையில் சாய்ந்தபடியே திருத்தினார். பேனா பிடிக்க முடியாதபோது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நானே எழுதிக்கொண்டேன். கடைசியில் ஒரு ஆசை இருப்பதாகச் சொன்னார்.

"அந்த மாமியாரை ஒரு தடவை பாக்கணும். சண்டைக்கு இல்ல. என்னதான் எதிர்பார்த்தாங்கன்னு கேக்கணும். இத்தனை தடவை படிச்சிருக்காங்களே, ஒரு வரியாவது அவங்களுக்குப் பிடிச்சிருக்காதா?"

விதிப்படி மதிப்பீட்டாளர் பெயரைச் சொல்லக் கூடாது என்றேன். அது உண்மை. அவர் தலையசைத்தார். போர்வைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்தார். பிடித்தது தரகர்கள் பிடிக்கிற மாதிரி. என் விரல்களைச் சேர்த்து ஒருமுறை அழுத்தினார். எங்கள் கடைத் தரகர்களிடம் அதற்கு, இதுதான் என் கடைசி விலை, முடித்துக்கொள்வோமா என்று பொருள். அவருடைய புத்தகத்திலேயே அது இருக்கிறது. சம்மதம் என்றால் திருப்பி அழுத்த வேண்டும். கட்டாது என்றால் விரலைத் தளர்த்த வேண்டும்.

என் கை தளர்ந்தது. பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் விலைக்கு மட்டுமல்ல, கடைசி விலைக்கும் தலையாட்டி எனக்குப் பழக்கமில்லை. மறுபடி கூப்பிடலாம் என்றிருந்தேன். மறுநாள் காலை அண்ணி இல்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு மாநாட்டுக்குச் சிறப்புரை ஆற்ற வந்த பெரியவரை மகள் தேடிப் போய் வணங்கினாள், அம்மா உங்கள் நூல்களை மேற்கோள் காட்டுவார் என்று. எதைப் பற்றி எழுதினார் என்று அவர் கேட்டார். சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பேசாமலே பேரம் பேசுற கணவர் வருவாரே, அந்தப் புத்தகமா? அது உங்க அம்மாவா? அது இன்னும் வரலையா? படிச்ச கையோட அச்சுக்குக் கொடுங்கன்னு எழுதிட்டேனேம்மா."

நான் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தேன். மகள் என் பக்கம் திரும்பி, "அப்படியா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். மதிப்பீட்டாளர் தன்னை வெளிப்படுத்திக்கொண்டது விதிமீறல். அதையும் உங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

நேராகச் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். வந்த இரண்டு மதிப்பீடுகளையும் மறைத்தது நான். மாமியாராக இருந்து எழுதியது நான். கட்டி சின்னதாக இருந்தபோது அவரைக் கிளம்பவிடாமல் செய்தது நான். தன் எழுத்து ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்துக்கொண்டு அவர் போனதும் என்னால்தான். எல்லாம் அவரைக் கூடக் கொஞ்ச நாள் வைத்திருக்கத்தான். மகள் ஊருக்குப் போய்விட்டால் புதன்கிழமை இந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார் என்று நினைத்தீர்களா என்று கேட்டால், அப்படியும் நினைத்திருக்கலாம். அது முக்கியமான காரணம் இல்லை.

அண்ணி முதலில் கொடுத்த பிரதி, நாலாம் அத்தியாயத்தோடு, பத்திரமாக இந்த மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறீர்கள். அவளுடைய அம்மாவின் புத்தகம், அவளுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுக்கப் போகிறேன்? நேற்றுகூட எடுத்து முழுவதும் படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் பாக்கி இருக்கிறது. வருகிற புதன்கிழமை அதைப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.