மாப்பிள்ளை கோல்டா, பிளாட்டினமா?

இப்ராஹிம்: ...அப்படி இல்ல காக்கா. பச்சை வால் விமானக் கம்பெனியில, அடிக்கடி பறக்கவங்களுக்குத் தாற கோல்டு கார்டுக்குப் பெட்டியில பதினாறு கிலோதான் கூடுதலா விடுவான். இருபது கிலோ விடுதது மஞ்சள் வால்காரன்.

ஷேக் மைதீன்: அப்ப எம்மவன் ஆரிப் மஞ்சள் வால்தான்.

இப்ராஹிம்: இப்பதான பச்சைன்னீங்க?

ஷேக் மைதீன்: ரெண்டும் உண்டு சம்பந்தி. ஒண்ணு வலது பையில, ஒண்ணு இடது பையில.

மும்தாஜ்: இப்பவே சம்பந்தின்னு சொல்லாதீங்க காக்கா. பொண்ணு கேட்டு வந்து அரைமணி நேரம் ஆவல. இந்தாங்க, வட்டலாப்பம்.

ஷேக் மைதீன்: நாக்கு தானா சொல்லுது லாத்தா. ஏர்வாடியில இருந்து மேலப்பாளையம் வர வரைக்கும் பஸ்ஸுல சொல்லிப் பழகிட்டே வந்தேன்... பொண்ணு எங்க?

மும்தாஜ்: முஃபீதா தூங்குதா.

ஷேக் மைதீன்: காலம்பற பதினோரு மணிக்கா?

மும்தாஜ்: ...கொஞ்சம் அசதி.

இப்ராஹிம்: அதை விடுங்க. மாப்பிள்ளைக்கு ஏர்போர்ட்டுல ஒக்காந்து சாப்பிடுத லவுஞ்சு உண்டுல்லா?

ஷேக் மைதீன்: லவுஞ்சு இல்லாமலா? உள்ள போனா... சோபா.

இப்ராஹிம்: சோபா சரி. சாப்பாடு?

ஷேக் மைதீன்: வடை.

இப்ராஹிம்: சட்னி?

ஷேக் மைதீன்: ...கேட்டாத் தருவான்.

இப்ராஹிம்: தர மாட்டான் வே! அங்கனதான் மஞ்சள் வால்காரன் கோட்டை விடுதான். வடைக்குத் தக்காளி சாஸ் வைப்பான். பச்சை வால்காரனைப் பாரும், தோசையே ஊத்துதான். குளிக்க வெந்நி, தொவட்டத் துண்டு... போன மாசம்கூட நம்ம முஃ—

மும்தாஜ்: என்னங்க.

இப்ராஹிம்: ...போன மாசம்கூட யாரோ சொன்னாவ.

ஷேக் மைதீன்: நீங்க சவூதியை முடிச்சிட்டு வந்து ஏழு வருசம் ஆச்சுன்னு புரோக்கர் சொன்னாரு. போன மாசத்துத் தோசை வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!

இப்ராஹிம்: ஒரு ஆர்வம்தான்... பறக்கப் பறக்கக் கார்டுல சேருத மைலு காலாவதி ஆவுமா, ஆவாதா?

ஷேக் மைதீன்: ஆவாது.

இப்ராஹிம்: மூணு வருசத்துல ஆயிரும். எங்கிட்ட நாப்பத்தோராயிரம் மைலு கெடந்துச்சு. சும்மா போவக் கூடாதேன்னு கடைசி நாள்ல மாத்துனேன். என்ன அனுப்புனான் தெரியுமா? தலைமுடி காய வைக்குத மிஷினு.

மும்தாஜ்: இவுக தலையைக் கொஞ்சம் பாருங்க காக்கா.

ஷேக் மைதீன்: ...மாஷா அல்லா. நல்லாக் காஞ்சிருக்கு.

இப்ராஹிம்: சிரிக்காதீரும். முதல்ல ஏறுத சலுகை உண்டா?

ஷேக் மைதீன்: அதுதான முக்கியம்! கோல்டுக்கு வரிசையே கிடையாது. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கையில எம்மவன் மட்டும் முதல்ல ஏறி உக்காந்துருவான்.

மும்தாஜ்: சீட்டு நம்பர் போட்டுத்தான குடுக்காவ?

ஷேக் மைதீன்: ஆமா.

மும்தாஜ்: அப்புறம் எதுக்கு முதல்ல ஏறணும்? பாபநாசம் பஸ்ஸா, சன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் பிடிக்க?

இப்ராஹிம்: ஏளா, அது ஒரு மரியாதை.

மும்தாஜ்: முதல்ல ஏறுனவரு முதல்ல ஊருக்கு வந்துருவாரா?

இப்ராஹிம்: அது எப்படி... எல்லாரும் ஒரே பிளேன்தான.

மும்தாஜ்: அப்ப ஊரு உலகத்தை விடக் கூடக் கொஞ்ச நேரம் அதுக்குள்ள அடைஞ்சு கெடக்கதுக்குத்தான் மரியாதை.

ஷேக் மைதீன்: லாத்தாவுக்குக் கோல்டு பத்தல போல. சொல்ல வேண்டாம்னு பாத்தேன்... ஆரிப் பிளாட்டினம்.

இப்ராஹிம்: பிளாட்டினமா! வருசத்துக்கு எத்தனை தடவை பறக்காரு?

ஷேக் மைதீன்: நாப்பது.

மும்தாஜ்: நாப்பதா?

ஷேக் மைதீன்: குறைச்சலா இருக்கோ? அறுவது! நோம்பு மாசத்துலயும் விட மாட்டான். எப்பப் பாத்தாலும் பெட்டியும் கையுமாத்தான் இருக்கான். இது அல்லா மேல ஆணை.

மும்தாஜ்: அப்ப வீட்டுல எப்ப இருப்பாரு?

ஷேக் மைதீன்: வீட்டுலயா? அவன் மேகத்துல இருக்கவன் லாத்தா!

மும்தாஜ்: சரி காக்கா. வட்டலாப்பத்தைச் சாப்பிட்டுப் பைய கிளம்புங்க. இது நமக்குச் சரிப்படாது.

ஷேக் மைதீன்: ஏன்... பிளாட்டினத்துக்கு மேல வைரம்கூட இருக்குன்னு—

மும்தாஜ்: போதும் காக்கா! இவுக சவூதியில, தம்மாம்ல இருபத்தாறு வருசம் இருந்தாவ. ஊருக்கு வந்தது பதினோரு தடவை. கம்பெனி வேலையா அங்கன இங்கன பறந்ததுக்கு இவுகளுக்கு சில்வர் கார்டு வந்துச்சு. இங்கன கெடந்த எனக்கு என்ன கார்டு வந்துச்சு? பிரசவத்துக்குப் பக்கத்துல ஆளு இல்ல. இவுகளைப் பெத்த எம்மாமி மவுத்தான அன்னைக்கு இவுக போன்லதான் அழுதாவ. எம்மவளை நான் மேகத்துக்குக் கட்டிக் குடுக்க மாட்டேன்.

இப்ராஹிம்: ...அவ சொல்லுதது சரிதான் காக்கா.

ஷேக் மைதீன்: சரி... சரி. பிளாட்டினத்தை விடுங்க. கோல்டுன்னு வச்சுக்கிடுவோம்.

மும்தாஜ்: கோல்டுக்கு எத்தனை தடவை?

இப்ராஹிம்: முப்பது தடவையாவது பறக்கணும்.

மும்தாஜ்: முடியாது.

ஷேக் மைதீன்: சில்வர்?

மும்தாஜ்: சில்வரோடதான் நான் குடும்பம் நடத்துனேன். முடியாது.

ஷேக் மைதீன்: நீலம்! நீலக் கார்டு லாத்தா! பேரு எழுதிக் குடுத்தா யாருக்கும் தருவான். வடை கிடையாது, சோபா கிடையாது, கடைசியாத்தான் ஏத்துவான்.

மும்தாஜ்: ஏத்துவான்ல?

ஷேக் மைதீன்: ...ஏத்துவான்.

மும்தாஜ்: அதான் காக்கா பிரச்சினை.

இப்ராஹிம்: மீன் மார்க்கெட்டுலகூட ஒரு ஆளு இப்படிச் சரசரன்னு எறங்கி நான் பாத்தது இல்ல. அந்தக் கார்டைக் காட்டும் வே.

ஷேக் மைதீன்: எதுக்கு இப்ப...

இப்ராஹிம்: குடும்னு சொல்லுதேன்... மஞ்சள் வால்தான். கோல்டுதான். ஆமா, இதுல 'ரிச்சர்ட்'னு பேரு போட்டுருக்கு?

ஷேக் மைதீன்: அது... கம்பெனியில சுருக்கமாக் கூப்பிடுதது.

இப்ராஹிம்: ஆரிப்புக்குச் சுருக்கம் ரிச்சர்டா?

மும்தாஜ்: காக்கா, தலையைத் தூக்குங்க. யாரு அந்த ரிச்சர்ட்?

ஷேக் மைதீன்: பாளையங்கோட்டைக்காரரு. சூட்கேஸ் ஜிப்பு போச்சுன்னு எம்மவன் கடையில குடுத்தாரு. உள்பையில இது கெடந்துச்சு. சாயந்தரத்துக்குள்ள திருப்பி வச்சிருவேன்... ஆரிப்புக்குத் தெரியாது.

இப்ராஹிம்: கடையா?

ஷேக் மைதீன்: ஏர்வாடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பெட்டி ரிப்பேர் கடை. சக்கரம் மாட்டுதான், ஜிப்பு போடுதான், கைப்பிடி வைக்கான். பெட்டி குடுக்க வாறவங்க பேசுததைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கோல்டு, சில்வர் எல்லாம் எனக்குத் தெரியும். எம்மவன் பிளேன்ல கால் வச்சதே கிடையாது. பாஸ்போர்ட்டும் கிடையாது. உயரம்னா தலை சுத்தும்... மொட்டை மாடியில வத்தல் காயப் போடக்கூட நான்தான் போவணும்.

மும்தாஜ்: அப்புறம் எதுக்கு இத்தனை பொய்?

ஷேக் மைதீன்: முப்பத்திரெண்டு வயசு லாத்தா. நாலு வீட்டுல கேட்டேன். நாலு வீட்டுலயும் ஒரே கேள்விதான், 'பையன் எந்த நாட்டுல இருக்காரு?' ஏர்வாடின்னேன். ஒரு வீட்டுல குடிச்சிட்டு இருந்த டீ கிளாஸையே வாங்கி வச்சிட்டாவ. புரோக்கர் வேற, இந்த வீட்டுல எப்பவும் பிளேன் பேச்சுதான்னு சொன்னாரு. எம்புள்ள நல்ல புள்ள. அஞ்சாவது தடவையும் அவன் முகம் வாடுததைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான்... மன்னிச்சிருங்க. வாறேன்.

மும்தாஜ்: உக்காருங்க.

ஷேக் மைதீன்: இல்ல லாத்தா...

மும்தாஜ்: உக்காருங்கன்னா. பையன் சமைப்பாரா?

ஷேக் மைதீன்: சமையலா? அவன் உம்மா மவுத்தானதுல இருந்து வீட்டுல அவன்தான் பொங்குதான்.

மும்தாஜ்: கடை எப்பச் சாத்துவாரு?

ஷேக் மைதீன்: பொழுது சாஞ்சு மஃரிபு தொழுகைக்கு வீட்டுல இருப்பான்.

மும்தாஜ்: தினமுமா?

ஷேக் மைதீன்: வேற எங்க போவான்?

மும்தாஜ்: நாளைக்கே பாஸ்போர்ட் எடுக்கேன், துபாய் போறேன்னு கிளம்பிற மாட்டாருல்லா?

ஷேக் மைதீன்: அதான் தலை சுத்துமே லாத்தா!

இப்ராஹிம்: மும்தாஜ்... இதுக்கு மேல நாம மறைக்கது நியாயம் இல்லளா.

ஷேக் மைதீன்: நீங்க என்னத்தை மறைச்சீங்க? யா அல்லா... பொண்ணுக்கு ஏதும் சுகமில்லையா? அதான் இன்னும் தூங்குதாளா?

மும்தாஜ்: அவளுக்கு ஒரு கேடும் இல்ல காக்கா. நாடு நாடாப் போயி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மிஷின் மாட்டிக் குடுக்குத இன்ஜினியர் அவ. ஜெர்மனியில இருந்து இன்னைக்குக் காலையிலதான் வந்தா, வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் போறா. பச்சை வால்ல பிளாட்டினம் எம்மவதான். அவளைப் போவாதன்னு சொல்ல எனக்கு மனசு வரல... ஆனா அவ வந்து இறங்கும்போது கதவைத் திறக்க வீட்டுல ஒரு ஆளு வேணும். அந்த வேலையை இருபத்தாறு வருசம் நான் பாத்துட்டேன் சம்பந்தி, இனி ஒரு ஆம்பளை பாக்கட்டும்.