ஒரே மழையில் நனைந்தவை

காதில் மாட்டுகிற ப்ளூடூத் நனைந்துவிட்டால் அரிசிக்குள் போட்டு வைக்கக் கூடாது சார். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அரிசி ஈரத்தை இழுக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அதில் இருக்கிற தவிட்டுத் தூள் சத்தம் வருகிற சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது பேசாது.

இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் போர்மேன் மணிகண்டராஜ் ஈரமான ப்ளூடூத்தை மாட்டியதால் அதன் பேட்டரி வெடித்து, ஐந்தாம் நம்பர் ரூமில் தீப்பிடித்தது என்று நேற்று ஸ்டேஷனில் எழுதியிருந்தீர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகவே படித்துவிட்டேன். அது தப்பு. அதைக் காய வைத்தவன் நான். நன்றாகத்தான் காய வைத்தேன். செத்தவன் மேல் பழி விழக் கூடாது என்று நானே என் கையால் எழுதித் தருகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பலவேசம். அச்சங்குளத்துப் பக்கம் இந்தப் பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை மதியம் திடீரென்று மழை இறங்கியது. மேடையில் காயப்போட்டிருந்த சரக்கையெல்லாம் ஓடி ஓடி உள்ளே எடுத்தோம். மணியும் கூட நின்று அள்ளினான். நாங்கள் போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். போர்மேனைக் கேட்க ஆளில்லை. அவன் எந்நேரமும் காதில் பாட்டோடுதான் திரிவான். மழை விட்டதும் சட்டைப்பையில் இருந்த டப்பாவைத் திறந்தான். உள்ளே தண்ணீர் நின்றது. அவன் பெண்டாட்டி வாங்கிக் கொடுத்தது. முகம் செத்துப்போய்விட்டது.

நான் காய வைத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.

"எங்கன அண்ணாச்சி, மேடையில தரைச்சக்கரத்தோட சேத்தா?" என்றான்.

"ரெண்டையும் மாத்தி டப்பாவுல அடைச்சிராதீக. தீவாளிக்கு எவனாச்சும் காதுல சக்கரத்தச் சொருகிக்கிடுவான்" என்றாள் கூட வேலை பார்க்கும் பஞ்சம்மாள். எல்லோரும் சிரித்தோம்.

அதே மழையில் இன்னொன்றும் நனைந்தது. ஐந்தாம் நம்பர் ரூமில் சாரல் அடித்து, கலந்து வைத்திருந்த வெடிமருந்து ஒரு தட்டு நனைந்துவிட்டது. நனைந்த மருந்தை வைத்திருக்கக் கூடாது சார். அது தனக்குத்தானே சூடேறும். உடனே தண்ணீர்த் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். அதைச் செய்யும்படி மணி என்னிடம்தான் சொன்னான். சரி என்றேன்.

ப்ளூடூத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். ரப்பரைக் கழற்றி, சல்லடை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினேன். இரண்டு சொட்டு விழுந்தது. வெயிலில் வைக்கவில்லை. அடுப்புப் பக்கம் கொண்டுபோகவில்லை. சார்ஜ் போடவில்லை. செருப்புப் பெட்டிக்குள் ஈரம் இழுப்பதற்குச் சின்னப் பொட்டலம் போடுவார்களே, அதில் ஏழெட்டுச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றோடு ஒரு டின்னில் போட்டு மூடினேன். நனைந்த எதையும் அவசரப்படுத்தக் கூடாது.

என் மகள் அனுப்பிரியா ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரான் பொருளுக்கு இம்புட்டுப் பக்குவமா என்று கேட்டாள். அவள்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா செல்லக்கனி இதே கம்பெனியில் தீயில் போனாள். அதற்கப்புறம்தான் ஐம்பத்தோரு வயதில் நான் ஆனா ஆவன்னா எழுதினேன். ஓரளவு கூட்டிப் படிக்க வந்ததும் அம்மாவின் விபத்து அறிக்கையை என் கையில் கொடுத்தாள். மணி எழுதியது. 'எச்சரிக்கை செய்தும் காதில் வாங்காமல் இருந்துவிட்டார்' என்று இருந்தது.

"அம்மாவுக்கா காது கேக்கல? மூணாவது தெருவுல தயிர்க்காரி வந்தா இங்கன இருந்து சொல்லுமே. அன்னைக்கு யாருப்பா கத்துனது?" என்று அப்போதே கேட்டாள்.

மணியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அவள் அதை விடவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே கம்பெனிக்குப் போனேன். ஐந்தாம் நம்பர் ரூமைத் திறந்து, மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த அந்த மருந்துத் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. திரும்ப மூடினேன். தண்ணீர்த் தொட்டி இருபது அடி தூரம்தான். பஞ்சம்மாளும் மற்ற பெண்களும் வந்ததும், உள்ளே புழுக்கமாக இருக்கிறது, வேப்பமரத்தடியில் உட்காருங்கள் என்றேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கின்றன. மணிக்கும் ஒன்று இருக்கிறது. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மணி வந்ததும் ப்ளூடூத்தைக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்துச் சிரித்தான். கடைக்காரனே முடியாது என்று சொல்லியிருப்பான் என்றான். சத்தத்தை முழுசாகக் கூட்டிப் பார் என்றேன். கூட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் போய், "தம்பி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அது நன்றாக வேலை செய்தது.

அப்புறம் முன்னால் வந்து, ஐந்தாம் நம்பர் ரூமில் சாரல் அடித்த சுவரைப் பார்த்துவிடு என்று கையைக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே போனான்.

புகை மூலையில் இருந்து கிளம்பியது. அவன் சுவரைப் பார்த்து நின்றான். ஓடு என்று மூன்று முறை கத்தினேன். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பஞ்சம்மாளை விசாரியுங்கள்.

இனி ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை மழையில் சரக்கு அள்ளும்போது மணி என் காதோரம் வந்து சொன்னது.

"அனு எங்க வீட்டு வாசல்ல வந்து அழுதுச்சு அண்ணாச்சி. நாலு வருசமா உங்களுக்காகப் பொய் சொல்லிட்டேன். நீங்களே சொல்லிருங்க. இல்லைன்னா திங்கக்கிழமை சாயங்காலம் நான் சொல்லிருவேன்."

அன்றைக்குக் கத்த வேண்டியவன் நான்தான் சார். ரூம் வாசலில் நின்றிருந்தேன். பொறி விழுந்ததை முதலில் பார்த்தேன். செல்லக்கனி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவில்லை. கால்தான் ஓடியது. கேட்டுக்கு வெளியே வந்துதான் திரும்பிப் பார்த்தேன். மணி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். சாயங்காலம் என்னிடம் வந்து, "நீங்க கூப்பிட்டீக, அக்காவுக்குக் கேக்கலன்னு எழுதிட்டேன் அண்ணாச்சி" என்றான். நல்ல பையன்.

இந்தக் காகிதத்தை என் மகளிடம் காட்ட வேண்டாம். என் எழுத்தை அவள் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடுவாள். வந்து கேட்டால், உன் அப்பா கத்தினார், அந்த ஆளுக்குத்தான் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.