முதலில் பார்க்க வேண்டிய ஃபில்டர்

தரை கழுவத் தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் வாஷரில் வேகம் குறைந்தால் எல்லோரும் பம்பைத்தான் திட்டுவார்கள். பாவம், பெரும்பாலும் பம்ப் மேல் தப்பே இருக்காது. முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் உள்ளே நுழையும் வாயை. அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வலை இருக்கும். அதுதான் ஃபில்டர். அதில் கொஞ்சம் குப்பை அடைத்தால் போதும், பம்புக்குத் தண்ணீர் பற்றாது. ஜெட் விட்டு விட்டு, இருமல்காரன் பேசுகிற மாதிரி வரும். கழற்றி உதறினால் சரியாகிவிடும். என் பட்டறைக்கு யார் போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா, பின்னால் தேவைப்படும்.

என் தங்கையின் கணவர் நல்ல மனிதர். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கடைகளிலும் கிடங்குகளிலும் தரை கழுவிக் கொடுப்பது அவர் தொழில். பெட்ரோல் இன்ஜின் வைத்த அந்த வாஷரை நான்தான் பழைய சாமான்களைத் தேடிச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தேன். கல்யாணமான புதிதில் எதற்கெடுத்தாலும் போன் செய்வார். "மச்சான், உங்க தங்கச்சியும் இந்த மெஷினும் ஒண்ணு. ஏன் நின்னுச்சுன்னும் தெரியாது, எப்ப ஓடும்னும் தெரியாது" என்பார். சிரிப்போம். போகப் போக அவரே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். போன் குறைந்தது.

அம்மா, அப்பா போன பிறகு தங்கையை வளர்த்தது நான். பல்பு போனாலும் நான், தாழ்ப்பாள் ஆடினாலும் நான். அவள் வீட்டு சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் சிரித்தாள்.

"அட, அவரு நேத்தே மாத்திட்டாரு அண்ணே. பையக் கீழ வச்சிட்டு டீ குடி."

வைத்தேன். குடித்தேன். அவள் அந்தப் பக்கம் போனபோது குழாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். சொட்டுகூட விழவில்லை. நல்ல வேலை. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. எதுவுமே வரவில்லை. பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பம்பில் ஆயில் மாற்றுவதற்காக மாப்பிள்ளை மெஷினைக் கொண்டுவந்தார். மாற்றி, ஃபில்டரையும் கழுவிவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

ஒரு கடையின் கீழ்த்தளத்தில் வேலை. படி இறங்கிப் போக வேண்டும், ஜன்னல் கிடையாது. இம்மாதிரி இடங்களில் இன்ஜினை மேலே வெளியில் வைத்துவிட்டு ஹோஸை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வது அவர் வழக்கம். அடைத்த அறைக்குள் பெட்ரோல் இன்ஜின் ஓட்டினால் அதன் புகையே ஆளை முடித்துவிடும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு நாளும் மீறியதில்லை.

"மச்சான், ஜெட் விட்டு விட்டு வருது."

"நுனியில இருக்கிற நாஸிலப் பாருங்க."

சுத்தமாக இருந்தது. ஹோஸ் எங்கேயும் மடங்கவில்லை. கீழ்த்தளம் வரை எட்டுவதற்கு இரண்டு ஹோஸைச் சேர்த்துப் போட்டிருந்தார்.

"ஹோஸ் நீளமானா பிரஷர் குறையத்தான் செய்யும், மாப்ளே."

இது உண்மை. எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவரேதான் கேட்டார். "அப்ப மெஷினைக் கீழ இறக்கிப் பாக்கட்டுமா? புகை வருமே."

"டெஸ்ட் பண்றதுக்குத்தானே. மேல கதவ மட்டும் சாத்திக்கங்க. சத்தம் கேட்டா கடைக்காரர் கத்துவாரு."

கடைக்காரர் கத்துவார் என்பதும் உண்மைதான்.

மெஷினை இறக்கி ஓட்டினார். பம்பில் காற்றுப் பிடித்திருக்கும், கையிலிருக்கும் ஸ்ப்ரே கன்னின் விசையை அழுத்தியே பிடியுங்கள் என்றேன். பிடித்தார். பிரஷர் திருகைக் கொஞ்சம் இறுக்கச் சொன்னேன். இறுக்கினார். தளர்த்தச் சொன்னேன். தளர்த்தினார். ஒவ்வொன்றும் சரியான யோசனை. ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"அடுத்து என்ன மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"தலை பாரமா இருக்கு மச்சான்" என்றார் ஒரு முறை. குரல் இழுத்தது. "உங்க தங்கச்சிகிட்ட திட்டு வாங்கின மாதிரி."

சிரித்தேன். "இன்னும் ஒரு திருப்பு, மாப்ளே" என்றேன்.

கன்னின் விசையை விட்டுவிட்டால் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றும். சுமை குறைந்து இன்ஜின் சத்தம் லேசாகும். பழகிய காதுக்கு உடனே தெரியும். சத்தம் லேசானது. மறுபடி கனக்கவில்லை. போனை மேஜை மேல் வைத்துவிட்டு ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றதும் போனை அணைத்தேன்.

ஃபில்டரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கவனித்திருப்பீர்கள்.

விபத்து என்றார்கள். மெஷின் மக்கர் செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார், சிக்னல் இல்லையென்று நினைத்துவிட்டேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு, "எது வேணும்னாலும் கூப்பிடும்மா, அண்ணன் இருக்கேன்" என்றேன். தலையாட்டினாள். நான் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை.

கணவரின் தொழிலைத் தானே எடுத்துச் செய்யப் போகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெஷினை வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஜெட் விட்டு விட்டு வந்திருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்போல. ஃபில்டரைக் கழற்றியிருக்கிறாள். உள்ளே, அளவெடுத்து வட்டமாக வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டு. அதை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

இதோ, உங்கள் மேஜை மேல் பிளாஸ்டிக் பையில் இருக்கிறதே, அதுதான். ஆயில் மாற்றிய அன்று நான் வைத்தது. மீதி ஸ்பாஞ்சு என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும்தான் எனக்குப் புரியவில்லை ஐயா. என் பட்டறை அடுத்த தெருவில்தான் இருக்கிறது. மெஷின் சரியில்லை என்றதும் அவள் எதற்குத் தனியாகக் கஷ்டப்பட்டாள்? ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால், நானே வந்து கழற்றிக் கொடுத்திருப்பேனே.