ரெண்டு பக்கமும் ஏறுதா?

மயக்க மருந்து மிஷின் பக்கத்தில் நாள் முழுக்க நின்றால் கெண்டைக்கால் கல்லாகிப் போகும். அதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை. என் அப்பா ஜுருவில் ஒரு பட்டறையில் இரும்பு தூக்கியவர். யுகேந்திரனின் அப்பாவும் அங்கேதான் தூக்கினார், ஒரே லோரியில் போய் வருவார்கள். அவன் மயக்க டாக்டரானான். நான் அவனுக்கு மிஷின் பார்க்கும் டெக்னீசியன். தியேட்டருக்குள் "டாக்டர்", வெளியே "டேய்".

போன வருஷம் ஒரு நோயாளிக்கு மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்ட குழாய் நழுவியது. முதலில் பார்த்துச் சத்தம் போட்டவன் நான். ஆள் பிழைத்தார். விசாரணையில் யுகேந்திரன், குழாயைத் தொட்டது டெக்னீசியன் குகன்தான் என்று என்னைக் காட்டினான். மாடிப்படியில் மறித்துக் கேட்டேன்.

"எனக்கு லைசென்ஸே போயிடும்லா. உனக்கு ஒரு வார்னிங்தானேடா," என்று சிரித்துத் தோளில் தட்டினான்.

இந்த வருஷம் வந்த நோயாளி ரோஹானா, பாயான் பாருவில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தவள். பித்தப்பையில் கல். துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு வயிற்றில் கேஸ் ஏற்றுவார்கள். வயிறு உப்பி நுரையீரலை மேலே தள்ளும், மிஷினில் அழுத்தம் ஏறும், அலாரம் அடிக்கும். எங்கள் தியேட்டரில் "கேஸ்லா" என்று சொல்லி அலாரம் எல்லையை உயர்த்திவிடுவது வழக்கம். அன்றும் யுகேந்திரன் உயர்த்தினான்.

அன்று கேஸ் மட்டும் இல்லை. நுரையீரல் மேலேறியதில் குழாயின் நுனி வலப்பக்கம் இறங்கிவிட்டது. துணிக்கடியில் கை வைத்துப் பார்த்தேன். இடது நெஞ்சு அசையவில்லை. காற்று முழுக்க ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தது. சொன்னால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். நான் எதையும் தொடவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிஜன் இறங்கியது. மருந்து ஏற்றிக்கொண்டே, திரும்பாமல் அவன் கேட்டான்:

"குகா, ரெண்டு பக்கமும் ஏறுதா?"

என்னைக் காட்டிக்கொடுத்தவன் என் கையை நம்பிக் கேட்டான்.

"ஏறுது டாக்டர்."

வலது நுரையீரல் வெடித்தது. கேஸை இறக்கினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். என் முறை வந்தபோது நானும் ஒழுங்காகத்தான் அழுத்தினேன். அவள் எழுந்திருக்கவில்லை.

யுகேந்திரனின் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவனுக்கும் எனக்கும் கணக்குச் சரி. ரோஹானாமேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. அவள் கணவன் ஹைருல், கடைசிவரை போராடியதற்காக என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அவளைக் கொன்றவன் நான்தான் என்று அவனிடம் சொல்ல வேண்டிய கடன் மட்டும் பாக்கி.